அவரவர் பை

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போவதென்றால் பை கட்டுவது பெண்கள் வேலை. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனாலும், சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும், சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும், முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லாருடைய பொருளையும் எடுத்துவைப்பது அம்மாவோ சித்தியோ மதினியோதான். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, சவரப் பெட்டி, அண்ணனின் இன்ஹேலர், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து, பஸ்ஸில் வாந்தி வந்தால் வாயில் போட நார்த்தங்காய்த் துண்டு. இவ்வளவையும் வைத்த பிறகு மிஞ்சும் ஓரத்தில் அவள் தன்னுடைய ஒரு சேலையைச் செருகுவாள். அவளுடைய மாத்திரை முந்தியில் முடிந்திருக்கும், இல்லையென்றால் வீட்டிலேயே கிடக்கும். “ரெண்டு நாளுதானே, வந்து போட்டுக்கிடலாம்.”

அப்படி வீட்டிலேயே கிடக்கும் மாத்திரைகளைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு கப்பல் பயணத்தால்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது. கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற கப்பல். 1990இல் கட்டியது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பியது. செய்தியைப் பார்த்ததும் மதினிதான் முதலில் சொன்னாள்: “நம்ம சீட்டுப் பணத்தை எடுத்துட்டு நாம மட்டும் போவோமா?” நாங்கள் இருவரும் இரண்டு வருடமாகச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். எதற்கென்று முடிவு செய்திருக்கவில்லை. நான், மதினி, அம்மா, சித்தி, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் என ஐந்து பெண்கள் என்று கணக்குப் போட்டோம்.

திருநெல்வேலிக்காரர்களுக்குக் கப்பல் என்றால் வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. கடல் எங்களுக்குத் தூரம் இல்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் கப்பலேறிய பெண் ஒரே ஒருத்திதான், என் ஆச்சியின் அக்கா. புருஷனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனவள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட்ட பிறகு, தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, உடல் சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டுத்தான் கப்பலேற முடியும். அவள் உடம்பைக் கங்காணி பார்த்தான், டாக்டர் பார்த்தார், சர்க்கார் பார்த்தது. அந்த உடம்புக்கு என்ன தேவை என்று அவள் மூட்டையில் எதைக் கட்டிக்கொண்டு போனாள் என்பது ஆச்சி சொன்ன எந்தக் கதையிலும் வரவில்லை.

அம்மா வர மறுத்தாள். “ஏட்டி, எனக்கு எதுக்குட்டி கப்பலு? நீங்க போயிட்டு வாங்க.” முதலில் கால் வலி என்றாள். பிறகு, வீட்டுக்கு யார் விளக்கேற்றுவது என்றாள். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருக்குச் சோறு வைக்க வேண்டும் என்ற காரணத்தைக் கூடச் சொல்ல முடியாது. வெளியூர் என்றாலே ஏன் இப்படிப் பின்வாங்குகிறாள் என்று எங்களுக்குப் பல வருடங்களாகவே விளங்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சித்தி வாரத்துக்கு இரண்டு கோவில் போய்வந்துவிடுவாள். அம்மா தன் கூடப்பிறந்தவளைப் பார்க்க முக்கூடல் வரை போவதற்குக்கூட நாள் பார்ப்பாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் மகள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வந்து ஒரு பெண் ஊழியர் ஆச்சிக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். கப்பலுக்கு எத்தனை நாள் மாத்திரை கைவசம் இருக்கிறது என்று எண்ணப் போனவள், ஒரு மாத்திரை தீர்ந்திருக்க, இன்னொன்று அட்டை அட்டையாக மிச்சம் கிடப்பதைப் பார்த்தாள். மிச்சம் கிடந்தது நீர் பிரியவைக்கும் மாத்திரை. “இதை ஏன் ஆச்சி போடல?” என்று கேட்டிருக்கிறாள். பேத்தி என்பதால் அம்மா பதில் சொன்னாள்: “அதைப் போட்டா வெளிய போவ முடியாது. சேலை நனைஞ்சிரும்.”

பதினைந்து வருடமாக இருக்கிறதாம். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால், சத்தமாகச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். அதனால் வெளியே போகும் நாளில் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மாத்திரையும் போடுவதில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ரசத்தைத் தொடமாட்டாள். நாங்கள் அதை அவளுடைய பத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா முப்பது வருடம் பீடி சுற்றியவள். முக்கூடல் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மடியில் தட்டு இருக்கும். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேர்த்துச் சாயங்காலம் கடையில் கொடுத்தால்தான் கணக்கு. எழுந்தால் எண்ணிக்கை குறையும். வீட்டில் கழிப்பறை கிடையாது. விடியுமுன் ஒருதடவை, இருட்டிய பிறகு ஒருதடவை ஆற்றங்கரைப் பக்கம் ஒதுங்குவதோடு சரி. நடுவில் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான்கு பிரசவம், நான்கும் வீட்டிலேயே, மருத்துவச்சி கையால். பிரசவம் ஆன பத்தாம் நாள் தட்டை எடுத்து மடியில் வைத்தாயிற்று. அந்த உடம்புதான் எழுபத்து நான்கு வயதில் ஒரு கப்பலுக்குப் பயப்பட்டது.

பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அம்மா சொல்லத் தயங்கியபோது அந்த டாக்டர், “தும்மும்போதா, இல்ல பாத்ரூம் போறதுக்குள்ளயா?” என்று சாதாரணமாகக் கேட்டார். இரண்டும் வேறு வேறு என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இடுப்புக்கு அடியில் கருப்பையையும் சிறுநீர்ப் பையையும் தாங்கிப் பிடிக்கும் தசைகள் பிரசவத்திலும் மாதவிலக்கு நின்ற பிறகும் தளர்ந்துபோனால், வயிற்றில் அழுத்தம் விழும்போதெல்லாம் கசியும். சிறுநீர்ப் பை தானாகச் சுருங்கினால், அவசரம் வந்து கழிப்பறைக்குப் போவதற்குள் கசியும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். தண்ணீரைக் குறைப்பது தீர்வு இல்லை. சிறுநீர் அடர்ந்து பையை மேலும் எரிச்சலூட்டும், தொற்று வரும், மலச்சிக்கல் வரும், முக்கினால் தசை இன்னும் தளரும்.

முதல் வகைக்குப் பயிற்சி உண்டு. சிறுநீரையும் காற்றையும் அடக்குவதுபோல அந்தத் தசைகளை மட்டும் இறுக்கி, சில விநாடி பிடித்து, தளரவிட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு, பத்து. ஒரு நாளைக்கு மூன்று தடவை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். 1948இல் அர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்த பயிற்சி இது. அம்மா பிறப்பதற்கு முன்பே தெரிந்திருந்த ஒன்று அவளிடம் வந்து சேர எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நீர் மாத்திரையை டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தார். “போடாம இருக்கறதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பாங்களே” என்றார். ரத்த அழுத்த மாத்திரையை இஷ்டத்துக்கு விட்டு விட்டுப் போட்டால் பக்கவாதம் வரை போகலாம் என்றும் சொன்னார். அம்மா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்குப் பேரு இருக்காட்டி?” என்று கேட்டாள்.

கப்பலுக்கு அப்போது மூன்றரை மாதம் இருந்தது. அம்மா பயிற்சியை வெற்றிலை போடுவதுபோல ஒருவேளைகூட விடாமல் செய்தாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பட்டாசலில் பத்தமடைப் பாயை விரித்தோம். மகள் ஐந்து சிறிய பைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். யாரும் யாருக்கும் கட்டக் கூடாது, அவரவர் மருந்தும் குளிக்கிற சாமானும் அவரவர் பையில், அவரவர் கையால் என்றாள். அவள் சொன்ன விதிகளை இங்கே எழுதுகிறேன். கப்பலுக்கு மட்டுமல்ல, எந்த நீண்ட பயணத்துக்கும் பயன்படும்.

பெரிய பெட்டிகளைக் கப்பலேறும்போது வாங்கி, சோதித்து, அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுக்க வேண்டும். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் கட்டணம் கரையில் கொடுப்பதைப்போல இருக்காது; நாம் தினமும் போடும் மாத்திரை அங்கே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. மாத்திரைகளை உதிர்த்து டப்பாவில் போடக் கூடாது. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு இருக்க வேண்டும். இன்னொரு நாட்டில் இறங்கும்போது கேட்டால் காட்ட வேண்டும். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் சொந்தப் பெயர் பெரும்பாலும் மாறாது. இந்த விஷயத்தில் அம்மாதான் முந்தி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கிக் கொடுக்கும் அரசு மாத்திரை அட்டையில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும்.

கப்பல் கழிப்பறை காற்றால் உறிஞ்சும் வகை. குழாய் குறுகல். நாப்கினையோ துணியையோ உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து நின்றுவிடும். அதனால் பழைய செய்தித்தாளும் கவரும் ஆளுக்கு ஒரு கட்டு.

சித்தி முதலில் எடுத்துவைத்தாள். பல் செட்டும் அதற்கான பிரஷ்ஷும், நார்த்தங்காய், வாந்தி மாத்திரை. உள்காது அசைவைச் சொல்ல, கண் அசைவில்லை என்று சொல்ல, மூளை குழம்புவதுதான் கடல் மயக்கம். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்த நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அடுத்து நான். எனக்கு ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நிற்கப் போகிற காலம். வந்தால் குழாயைத் திறந்ததுபோல வரும். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, இரும்புச் சத்து, தைராய்டு. தைராய்டை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரமாவது கழித்துத்தான் காப்பி. இரும்புச் சத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி. வீட்டில் இருக்கும்போது எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கும் அவசரத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் நின்றதில்லை. கப்பலில் நான் யாருக்கும் காப்பி போட வேண்டியதில்லை.

மகளிடம் சித்தி கேட்டாள்: “உனக்கு நாள் அங்க வச்சு வந்துருமே, தள்ளிப்போடுத மாத்திரை வாங்கியாச்சா?” அந்த மாத்திரையைத் தெரியாத பெண் எங்கள் ஊரில் உண்டா? கும்பாபிஷேகம், கொடை, நாத்தனார் கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்டவர் வீட்டில் இருக்கும் நாட்கள் என்று எல்லாவற்றுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம். நோரெதிஸ்டிரோன் என்று பெயர். நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தினம் மூன்று வேளை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும், குடும்பத்தில் ரத்தக் கட்டி வந்தவர்களும் டாக்டரைப் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது என்று கடைக்காரர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. விரும்பிப் போடுகிறவர்கள் கேட்டுப் போடட்டும். என் மகள், “வந்தா வரட்டும் சின்னாச்சி, அது கப்பல்தானே, கர்ப்பக்கிரகம் இல்லையே” என்று சிரித்துவிட்டு, வீட்டிலேயே கொதிக்கவைத்த கப்பையும் நாலைந்து நாப்கினையும் எடுத்துவைத்தாள்.

அம்மா தயங்கித் தயங்கித் தன் பொட்டலத்தைப் பிரித்தாள். பெரியவர்களுக்கான பேடுகள், இரண்டு உள்பாவாடை, ஈரத் துண்டு. ஒரு வாரத்துக்கு அந்தப் பேடுகளுக்கு ஆன செலவு என் கணக்குநோட்டில் இருக்கிறது. மாதவிலக்கு நாப்கினுக்கு ஜிஎஸ்டி வேண்டாம் என்று பெண்கள் போராடி, 2018 ஜூலையில் வரி போனது. முதியவர்கள் கட்டும் டயப்பருக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. இளம் உடம்பின் ரத்தத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்ட நாம் வயதான உடம்பின் சிறுநீரைப் பற்றி இன்னும் பேசத் தொடங்கவில்லை.

மதினி மட்டும் ஒரு பழைய பவுடர் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். “அதை அட்டையோடதானே அத்தை எடுக்கணும்?” என்று மகள் கேட்டதும் அவள் முகம் மாறியது. டப்பாவுக்குள் உதிர்த்துப்போட்ட மாத்திரைகள். மூன்று வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அண்ணனிடம் சத்து மாத்திரை என்று சொல்லியிருக்கிறாள். விருந்தாளி வந்தால், ஊருக்குப் போனால் போடுவதில்லை. திடீரென்று நிறுத்துவதால் வரும் தலைசுற்றலையும் எரிச்சலையும் நாங்கள் அவளுடைய குணம் என்று பேசியிருக்கிறோம். கப்பலுக்கு அட்டையும் சீட்டும் வேண்டும் என்ற ஒரு விதியால் அந்த டப்பா திறந்தது.

அவள் யாரைப் பார்த்துப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். என் அம்மாதானே அவளுக்கு மாமியார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன்னுடைய பேடு கட்டைக் கையால் தள்ளி மதினி பக்கம் வைத்தாள். “நானும் இதைத்தான் ஒளிச்சு வச்சிருந்தேன் தாயி. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஒளிச்சிருக்கோம்.” மதினி அழுதாள். பிறகு எழுந்துபோய்ப் பீரோவுக்கு அடியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்துவந்தாள்.

பயணம் எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நன்றாக இருந்தது. பெட்டிகள் சாயங்காலம்தான் அறைக்கு வந்தன. மருந்து கையில் இருந்ததால் தவிக்கவில்லை. சித்திக்கு வாந்தி வரவில்லை, ஆனால் முதல் நாள் ஆட்டம் பாட்டம் முழுவதையும் தூங்கியே கழித்துவிட்டாள். மகளுக்கு நாள் வந்தது. யாருக்கும் தெரியவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்கு ஏற்றத்தில் நடக்கும்போது அம்மாவுக்குக் கசிந்தது. மூன்று மாதப் பயிற்சி குறைத்திருந்தது, முழுவதும் நிறுத்திவிடவில்லை. அம்மா மதினியைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் மாற்றிவிட்டு வந்தாள். வந்து, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தாள். கோவிலையும் பார்த்தாள், கடலையும் பார்த்தாள்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் தெருப் பெண்கள் கப்பலைப் பற்றிக் கேட்க வந்து, அந்தச் சின்னப் பையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அம்மா அதில் பாதியைத்தான் சொல்வாள். மீதியை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொல்வாள். இதுவரை மூன்று பேரை அந்த டாக்டரிடம் அனுப்பியிருக்கிறாள். அதில் ஒருத்திக்கு வயது முப்பத்திரண்டு, இரண்டாவது பிரசவம் ஆகி எட்டு மாதம்.

மதினி அண்ணனிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அது அவள் விஷயம். ஆனால் போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாத்திரை அட்டை பவுடர் டப்பாவில் இல்லை. சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பெயர் தெரியும்படி, நிமிர்த்தி வைத்திருந்தாள்.